கடித்து வைத்த ரொட்டி

உஸ்பெகிஸ்தானின் மார்கிலான் ஊரில் பள்ளி மனநல ஆலோசகராக இருக்கும் ஹுர்ரியத் அக்காவுக்கு, அழுகிற பிள்ளைகள் என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. தாஷ்கெண்டில் பயிற்சி முடித்து வந்ததிலிருந்து அவர் அதை அழுகை என்று சொல்வதே இல்லை. 'பிரிவுப் பதற்றம்' என்பார். சொல்லும்போது கண்ணாடியைச் சரிசெய்துகொள்வார். வாசலில் தயங்கி நிற்கும் தாய்மார்களை அதட்டுவதில் அவருக்குத் தனிச் சுகம்.

"திரும்பிப் பாக்காம போங்கம்மா! புள்ளைங்களக் கெடுக்கிறதே நீங்கதான்."

பள்ளி திறந்த இந்தச் செப்டம்பரில் அவர் பெருமைக்கு வேட்டு வைக்க வந்தான் முதல் வகுப்பு இல்யோர். அம்மா நஃபிஸாவின் அங்கியைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினான். அவளுக்கோ தையல் ஆலையில் புது வேலை. இன்னொரு நாள் தாமதமானால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

'பிரிவதற்கு ஒரு சடங்கு வையுங்கள்' என்று பயிற்சியில் சொன்னது அக்காவுக்கு நினைவு வந்தது.

"பயணம் போறவங்க ரொட்டிய ஒரு வாய் கடிச்சு வச்சுட்டுப் போவாங்கல்ல? மீதிய அவங்க திரும்பி வந்துதான் திங்கணும். நாளைக்கு இவனையும் கடிக்க வச்சுக் கூட்டிட்டு வா. அப்புறம் பாரு என் கைராசிய!"

மறுநாள் ஊரே பார்த்தது. வாசல் கம்பியைக் கட்டிக்கொண்டு பையன் போட்ட கூச்சலில் தலைமையாசிரியரே வெளியே வந்துவிட்டார்.

"ஏண்டா, ரொட்டியக் கடிச்சியா இல்லியா?" என்றார் அக்கா.

"கடிச்சேன்! அப்பாவும் கடிச்சுட்டுத்தான் ரஷ்யா போனாரு. அது இன்னும் ஆணியில தொங்குது. என்னோடதையும் அது பக்கத்துலயே மாட்டிட்டாங்க!"

நஃபிஸா தலைகுனிந்தாள். அக்கா வீட்டு அலமாரியிலும் ஒரு ரொட்டி கல்லாய்க் காய்ந்து கிடக்கிறது. கொரியாவுக்குப் போன மகன் கடித்து வைத்தது. தூசி தட்டித் தட்டி அதே இடத்தில் வைப்பார்.

அக்கா தன் மதியச் சாப்பாட்டு ரொட்டியைப் பையிலிருந்து எடுத்து நஃபிஸாவிடம் நீட்டினார்.

"நீ கடி. விட்டுட்டுப் போறவ நீதானே. மீதி இவன்கிட்ட இருக்கட்டும். சாயங்காலம் வந்து தின்னு."

அவள் கடித்துவிட்டு ஆலைக்கு ஓடினாள். இல்யோர் ரொட்டியை மார்போடு அணைத்தபடி வகுப்புக்குள் போனான்.

மாலையில் அம்மா வந்ததும் அதை நீட்டி, ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்காமல் தின்கிறாளா என்று காவலுக்கு நின்றான். அக்கா திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஊருக்கு அவர் செய்த உபதேசம் அதுதானே. ஆனால் நஃபிஸா தின்று முடிக்கும்வரை வாசலிலேயே நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணையும் துடைத்தார். அழுகை இல்லை, பிரிவுப் பதற்றம்.