மேட்டுச்சாமிகளை எதிர்த்த விருமாண்டி

கீழக்குயில்குடிக்கு மேற்கே தண்டுச்சாமி மடம் இருக்கிறது. அங்குள்ள துறவிகள் காலைப் பூசை முடிந்ததும் கம்பு சுற்றுவார்கள். நாற்பது பேரில் ஏழு பேருக்கு மட்டும் தனி மதிப்பு. யாரும் அவர்களை நியமிக்கவில்லை. ஏட்டில் பதவியும் கிடையாது. மண்டபத்தில் மேடான இடத்தில் உட்காருவதால் மேட்டுச்சாமிகள் என்று பெயர். மடத்தில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். மடத்தலைவரான பெரியசாமிக்கு எண்பத்தொரு வயது, காது மந்தம்.

விருமாண்டி காளவாசலில் லோடு ஆட்டோ ஓட்டியவர். முப்பத்தாறு வயதில் துறவியானார். கம்பில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் ஐந்தாம் வருஷமே மேட்டில் இடம் கிடைத்தது. அதில் அவருக்கும் பெருமைதான்.

போன ஆனியில், மனை போட்டு விற்கும் ஒருவர் கண்மாய்க்குப் போகும் பாதையை மறித்துக் கம்பிவேலி போட வந்தார். மேட்டுச்சாமிகளில் மூத்தவர் ஹாலாஸ்யம், திருநகரில் வங்கி மேலாளராக இருந்தவர், மற்றவர்களைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு எட்டு மணிக்குக் கம்போட வந்துடுங்கோ. வேலி போடறச்சே யாரும் மறிக்காம இருக்க, சும்மா நின்னாப் போதும். நமக்கு அன்னதானக் கூடம் கட்டித் தரேன்னிருக்கார்."

"ஆடு மாடெல்லாம் தண்ணிக்கு எங்கிட்டுப் போகும் சாமி?" என்றார் விருமாண்டி.

"அது நம்ம கவலை இல்லை."

மறுநாள் விருமாண்டியும் போனார். ஆனால் ஆடுகளோடு பாதையை மறித்து நின்ற ஊர்க்காரி ராக்கம்மாளுக்குப் பக்கத்தில் போய்க் கம்பை ஊன்றினார். எதிரே ஆறு மேட்டுச்சாமிகள்.

"இந்தப் பக்கம் வாரும்!" என்றார் ஹாலாஸ்யம்.

"வரமாட்டேன். அடிக்கணும்னா அடிங்க. நானும் அடிப்பேன்."

அவர் வீச்சு எப்படியென்று ஆறு பேருக்கும் தெரியும். ஒருவரும் அசையவில்லை. தூண் நட வந்தவர்கள் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வண்டியேறிப் போனார்கள்.

அன்று சாயங்காலமே ஹாலாஸ்யம், "காவியைக் கழட்டி வச்சுட்டுக் கிளம்பும்" என்றார்.

"எழுதிக் குடுங்க, போறேன். கையெழுத்துக்குக் கீழ என்ன பதவின்னு போடுவீக?"

ஹாலாஸ்யத்துக்கு முகம் சிவந்துவிட்டது. நேரே பெரியசாமியிடம் போய்க் காதருகே கத்தி முறையிட்டார். கிழவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"பாதையில நின்னானா? நிக்கட்டுமே."

வேலி பாதையை விட்டுத் தள்ளித்தான் வந்தது. விருமாண்டியை மாட்டுத் தொழுவ வேலைக்கு மாற்றினார்கள். சாணி அள்ளிவிட்டுத் தினமும் கம்பு சுற்றும் களத்துக்கு வருவார். மேட்டுச்சாமிகளுக்குப் பயந்து யாரும் அவரோடு ஜோடி சேருவதில்லை. தனியாகவே சுற்றுவார், முன்னைவிட வேகமாக.

போன வாரம் அந்த ஆறு பேரில் இளையவரான ஷ்யாம், ஹாலாஸ்யம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேட்டிலிருந்து இறங்கி வந்து அவருக்கு எதிரே கம்பை நீட்டினார்.

"வாங்க சாமி," என்றார் விருமாண்டி.