சங்கரலிங்கம் அண்ணாச்சிக்குக் கிழித்துக் கொடுத்த துணி

செவ்வாய்க்கிழமை காலை, கடையில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. முதலாளி கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சங்கரலிங்கம் போயிட்டான்வே" என்றார். எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. அதற்குள் ஒரு குடும்பம் ரவிக்கைத் துணி கேட்டு வந்துவிட்டது.

தியாகராய நகரில் அந்த ஜவுளிக்கடையில் பன்னிரண்டு வருடம் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவர் துணி கிழிப்பது ஒரு அழகு: விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு, பிறகு இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. துணி நூல் பிசகாமல் கிழியும். "மில்லுக்காரன் பொய் சொல்லுவான், கிழியுத சத்தம் பொய் சொல்லாது" என்பார். டெரிலின் வந்த பிறகு, "இதுக்குச் சத்தமே இல்ல, ஊமைத் துணி" என்று முகம் சுளிப்பார். இந்த அஞ்சலியை வாசிக்கும் வாடிக்கைக்காரர்களான நீங்களும் கேட்டுச் சிரித்திருப்பீர்கள்.

துணி மூட்டை பேல்களைத் தூக்கித் தூக்கி அவருக்குக் குடலிறக்கம் வந்தது. வேட்டியை இறுக்கிக் கட்டியே இரண்டு வருடம் சமாளித்தார். ஆவணியில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது, புண்ணில் ஈரம் கசிந்தால் உடனே வர வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கையில் அண்ணாச்சி கடைக்கு வந்துவிட்டார்.

நாலாம் நாள் அவர் வேட்டியில், தொடை இடுக்குப் பக்கம், எட்டணா அளவு ஈரம் பார்த்தேன். சரக்கறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"லேசா நீர் வடியுது. ஆசுபத்திரிக்குப் போனா அந்த எடத்துல பொம்பளப் பிள்ளைக கட்டு மாத்துவாளுவ. என்னால முடியாதுவே. மல் துணியில ஒரு முழம் கிழிச்சுத் தாரும்."

"வெந்நீர்ல அலச வேண்டாமா அண்ணாச்சி?"

"புதுத் துணிவே. யாரு உடம்பும் படாதது. இதவிடச் சுத்தம் எங்க இருக்கு?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஜவுளிக்கடையில் நிற்பவனுக்குத்தான் இப்படித் தோன்றும். வீட்டில் சொல்லக் கூடாது என்றார், சொல்லவில்லை. தினமும் ஒரு முழம் கிழித்துக் கொடுத்தேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு குளிர்நடுக்கம் கண்டு கடையிலேயே சரிந்தார். ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்த நர்ஸம்மா அந்தத் துணியை இடுக்கியால் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது? கஞ்சிகூடப் போவல. எத்தினி பேரு கை பட்டுதோ. யாரு குடுத்தது?"

மதினி, அண்ணாச்சியின் மனைவி, பக்கத்தில் நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தவர்தான், "நானே எடுத்துக் கட்டினேன்" என்றார்.

உள்தையல் வரை சீழ் ஓடியிருந்தது. புண்ணைத் திறந்து கழுவினார்கள், ஊசி போட்டார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. துணியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, கசிந்த அன்றே வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை.

அண்ணாச்சி உடம்பில் போர்த்தக் கோடித் துணி எடுத்துப் போகச் சொன்னார் முதலாளி. அதே மல் துணி. அளந்து, விளிம்பில் வெட்டி, நான்தான் கிழித்தேன். மயிலாப்பூர் வீட்டில் மதினி அதை வாங்கிக்கொண்டு கேட்டார்: "ஒங்ககிட்டகூடச் சொல்லலியா தம்பி?" இல்லை என்று தலையாட்டினேன்.

அவருடையதாக என்னிடம் இருப்பது எனக்காக அவர் சொன்ன அந்த ஒரு பொய்தான். அதையும் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. மதினி, அவர் என்னிடம் சொன்னார். துணி கிழித்துக் கொடுத்தது நான்.