கண்ணை வைக்க ஓர் இடம்

இங்கே ஹாம்பர்க்கில் காலை வணக்கம் சொல்வதென்றால் கண்ணுக்கு நேரே பார்த்துத்தான் சொல்வார்கள். பேருந்து ஓட்டுநர், ரொட்டிக்கடைப் பெண், நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில் தரை துடைக்கிறவர், எல்லாரும் அப்படித்தான். வந்து நான்கு மாதமாகியும் நான் என் 'கூட்டன் மார்கன்'களைத் தரைக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரில் இருக்கிற நீங்கள் இதைப் பணிவு என்பீர்கள். இங்கே இதற்குத் திருட்டு முழி என்று பெயர்.

ஒருநாள் மேற்பார்வை பார்க்கும் அம்மாள் கூப்பிட்டார். ஒன்பதாம் அறைக் கிழவர் நான் கொடுக்கும் மாத்திரைகளை விழுங்க மறுக்கிறாராம். நான் எதையோ மறைக்கிறேன், அதனால்தான் முகத்தைப் பார்ப்பதில்லை என்று புகார்.

"அவர் வயதில் பெரியவர், அதனால்தான்" என்றேன்.

"பெரியவர் என்றால் பார்க்கக் கூடாதா?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். பிறகு கெடு வைத்தார்: மாதக் கடைசிக்குள் கிழவர் என்னை நம்பாவிட்டால் வேலை நிரந்தரமாகாது, வேலை இல்லையென்றால் விசாவும் இல்லை. ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பாபநாசத்துக்குத் தெற்கே, வயல்வேலைக்குப் போகிறவர்களின் தெரு எங்களுடையது. மிராசுதார் வீட்டம்மாவோ காரியஸ்தரோ குடை பிடித்து வரப்பில் வந்தால் நடவுப் பெண்கள் தலை நிமிரக் கூடாது. செங்கொடி ஏறிய வருஷம் அப்பாதான் முதலில் காரியஸ்தர் முகத்தைப் பார்த்துக் கூலி கேட்டார். அந்தப் பருவம் முழுக்க எங்கள் தெருவுக்கு வேலை கிடையாது. பிறகு ஆட்சி மாறியது, சட்டங்கள் வந்தன, காரியஸ்தரே மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். "இன்னும் யாருக்குடி குனியிற? நிமிந்து பாரு!" என்று அப்பா என்னை அதட்டுவார். நான் சொல்லப்போவதைக் கேட்டால் அவர் கோபித்துக்கொள்வார். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு நடவுக்குக் குனிந்தபோது என் கண் பார்த்ததெல்லாம் கணுக்கால் தண்ணீரும் அதில் கிடந்த வானமும்தான். நாற்றை ஊன்ற ஊன்ற மனம் அடங்கிவிடும். எங்களை அவமானப்படுத்திய அதே குனிவில்தான் எனக்கு நிம்மதி கிடைத்தது. இதை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடிகிறது.

மறுநாள் மாத்திரையோடு போனேன். "ஷாவன் ஸீ மிஹ் ஆன்!" என்று கத்தினார் கிழவர். என்னைப் பார் என்கிறார். பார்த்தேன். நீலக் கண்கள், ஓரத்தில் ஈரம். நான் பார்வையை விலக்கவில்லை. என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் மாத்திரையை விழுங்கினார். பாவம், அவர் கட்டிலுக்கு எதிரே வெறும் வெள்ளைச் சுவர். நாள் முழுக்க அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்?

வேலை நிலைத்தது. எல்லாரையும் நேராகப் பார்க்கப் பழகிவிட்டேன். என் அறைக்குத் திரும்பினால்தான் கஷ்டம். ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டிடத்தின் செங்கல், கீழே சாம்பல் நிறக் கம்பளம். பகலில் பார்த்த முகமெல்லாம் உள்ளேயே சுற்றும். பேச ஆளில்லாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கண்ணுக்குப் போக்கிடம் இல்லாத தனிமையைத் தாங்க முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. அம்மா நடவுக்குப் போயிருப்பதாக அடுத்த வீட்டில் சொன்னார்கள். வெயிலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு நேரே வயலுக்கு நடந்தேன். குனிந்திருந்த வரிசையில் அம்மாவின் முதுகை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். கூப்பிட மனம் வராமல் வரப்பில் நின்று ஆசை தீரப் பார்த்தேன். குடையோடு என் நிழல் அவள் கைக்குப் பக்கத்தில் தண்ணீரில் விழுந்தது. அம்மாவின் கை நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை.

"வாங்கம்மா" என்றாள். "இன்னும் கொஞ்சந்தாங்க பாக்கி. பொழுதுக்குள்ள முடிச்சிடுறோங்க."