குரோசே வீட்டம்மா

கனாசே ஊர் மன்றத்தில் ஹிசயோ இருபது ஆண்டுகள் உறுப்பினராக இருந்தாள். அத்தனை ஆண்டுகளில் மன்றத்திலோ கடைத்தெருவிலோ யாரும் அவளை ஹிசயோ என்று கூப்பிட்டதில்லை. ஊருக்கு அவள், கணவனின் குடும்பப் பெயரால், குரோசே வீட்டம்மா.

கணவன் குரோசே இசாமு அவளுக்கு முன்பு மூன்று முறை உறுப்பினராக இருந்தவன். நான்காவது தேர்தல் நெருங்கும்போது குளியலறையில் விழுந்து இறந்தான். ஈமச்சடங்கு முடிந்து ஊதுவத்திப் புகை அடங்குவதற்குள், அவனுடைய தம்பி கென்சாகுவும் ஆதரவாளர் சங்கத்து ஆட்களும் கறுப்புக் கோட்டோடு வந்து உட்கார்ந்தார்கள்.

“அண்ணி, நீங்க நிக்கணும்.”

“எனக்குப் பேசவே வராதே.”

“பேச வேணாம். குனிஞ்சு வணங்குனா போதும். மத்தத நாங்க பாத்துக்கறோம்.”

வேட்பாளர்கள் போடும் வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு ஊர் முழுக்கக் குனிந்தாள். பிரச்சார வண்டி “குரோசே, குரோசே” என்று கத்திக்கொண்டு போயிற்று. அங்கே ஓட்டுச் சீட்டில் எதுவும் அச்சடித்திருக்காது. வேண்டிய பெயரை அவரவரே பென்சிலால் எழுத வேண்டும். மூன்று முறை எழுதிப் பழகிய கைகள் மறுபடியும் குரோசே என்று எழுதின. ஜெயித்தது தானா செத்தவனா என்று அவளுக்கு விளங்கவில்லை.

மன்றத்தில் அவள் ஒருத்திதான் பெண். முதல் நாள் தலைவர் அவளைப் பார்த்து, “டீ எங்க இருக்குன்னு தெரியுமில்ல?” என்றார். ஊற்றிக் கொடுத்தாள். அடுத்த கூட்டத்திலும் ஊற்றினாள். அதற்கடுத்த கூட்டத்தில் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் தொண்டையைச் செருமியபடி காத்திருந்தார்கள். கடைசியில் எழுத்தர் எழுந்து போனார்.

பிறகு அவள் பேசவும் கற்றுக்கொண்டாள். மறுநாள் கேட்க வேண்டிய கேள்விகளைச் சமையலறையில் நின்று உரக்கச் சொல்லிப் பார்ப்பாள். பிள்ளைகள் இல்லை. ஒருவருக்கு மட்டும் மிசோ சூப் வைப்பது அவளுக்குக் கடைசிவரை கைவரவில்லை. மிஞ்சியதைக் காலையில் குடித்துவிட்டு மன்றத்துக்குப் போவாள். துறைமுகச் சாலைக்கு விளக்கு வந்தது அவளால்தான். மேட்டுக் குடியிருப்பின் கிழவர்கள் மருத்துவமனைக்கு வர ஒரு பஸ் வேண்டுமென்று கேட்டுக் கேட்டு அதையும் வாங்கினாள். பஸ் ஓடத் தொடங்கிய அன்று, “எல்லாம் நம்ம இசாமு ஆவியோட ஆசி” என்றார் தலைவர். அவளும் கைதட்டினாள்.

இந்த முறை தேர்தலுக்கு முன்பு கென்சாகு தன் மகன் ரியோஹெய்யையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

“இருபது வருஷமா இடத்தப் பத்திரமா பாத்துக்கிட்டீங்க அண்ணி. ரொம்பக் கஷ்டம் குடுத்துட்டோம். இனிமே இவன் நிக்கட்டும்.”

“அது யாரு இடம்?”

“குரோசே இடம்தான்.”

ஹிசயோ கோப்பையைக் கீழே வைத்தாள். “நானும் நிப்பேன்.”

ரியோஹெய் பதறினான். “பெரியம்மா, ரெண்டு குரோசே நின்னா ஓட்டு உடைஞ்சு போயிரும்.”

அவன் சொன்னது சரிதான். வெறும் குரோசே என்று எழுதிய சீட்டுகள், இருவரின் சொந்தப் பெயருக்கும் விழுந்த ஓட்டுகளின் விகிதப்படி, அரையும் காலுமாகப் பிரிந்துபோகும்.

“அப்ப நான் குரோசேன்னு கேக்கல. ஹிசயோன்னு எழுதச் சொல்லிக் கேக்கறேன்.”

கென்சாகு சிரித்தான். “ஊர்ல அந்தப் பேரு யாருக்குத் தெரியும் அண்ணி?”

அவள் கோப்பைகளைத் தட்டில் எடுத்து வைத்தாள். ஒரு முறையாவது யாராவது தன் பெயரை எழுத வேண்டும். தோற்றாலும் அந்தப் பெயரில் தோற்க வேண்டும்.

சங்கம் முழுவதும் ரியோஹெய் பக்கம் போயிற்று. தோஃபு கடைக்காரி தோமி மட்டும் கடையை மதியத்தோடு மூடிவிட்டு அவளோடு வந்தாள். சைக்கிள் கூடையில் ஒலிபெருக்கியை வைத்து, “ஹிசயோ, ஹிசயோ” என்று கத்தியபடி தள்ளிக்கொண்டு நடந்தாள்.

கரையில் கணவாய் மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

“கவலப்படாதீங்க வீட்டம்மா. குரோசேன்னு எழுதிடறோம்.”

“குரோசே வேணாம். ஹிசயோன்னு எழுதுங்க.”

“அது யாரு? தங்கச்சியா?”

“நான்தான்.”

“அட, உங்களுக்குன்னு ஒரு பேரு இருக்கா?”

“ஏன், உங்களுக்கு இல்லையா?”

“இருந்துச்சு. கல்யாணத்தப்போ எங்க வச்சேன்னு தெரியல.”

எல்லோரும் சிரித்தார்கள். ஹிசயோவும் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் அவர்கள் கணவாயைத் திருப்பிப் போடத் தொடங்கினார்கள். மூன்றே எழுத்துத்தான் என்று அவள் சொன்னது அவர்கள் காதில் விழுந்ததோ என்னவோ.

தேர்தலன்று மறைப்புக்குள் நின்று அவளும் அந்த மூன்று எழுத்தை எழுதினாள். முன்னால் குரோசே இல்லாமல் அது சின்னப் பெண்ணின் பெயர் மாதிரி இருந்தது.

எதிரே உள்ள தீவின் ஓட்டுப் பெட்டி காலைப் படகில்தான் வரும் என்பதால் மறுநாள்தான் எண்ணினார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டரங்கில் கீழே மேசைகள். மேலே பார்வையாளர் பெஞ்சில் ஹிசயோ தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் தரப்பில் மேற்பார்வைக்குத் தோமி. ரியோஹெய் தரப்பில் கென்சாகு. பத்து இடத்துக்குப் பதினொரு பேர். ஒன்பது பேர் முதலிலேயே தேறிவிட்டார்கள். பத்தாவது இடம் பெரியம்மாவுக்கா ரியோஹெய்க்கா என்பதுதான் பாக்கி.

ரியோஹெய் பெயர் எழுதிய கட்டு தடிமனாக இருந்தது. ஹிசயோ என்று எழுதிய கட்டு ரப்பர் வளையத்துக்குள் தொளதொளவென்று கிடந்தது. மேலேயிருந்தே அது தெரிந்தது. அந்த இரண்டு கட்டுகளுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு குவியல். அதைத் தொடாமல் எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். அந்தச் சீட்டுகளில் எழுதியிருந்தது ‘குரோசே வீட்டம்மா’.

“இது பேரே இல்ல. செல்லாது” என்றான் கென்சாகு.

“யாருன்னு தெரியுதுல்ல? தெரிஞ்சா செல்லும்” என்றாள் தோமி.

“என் மருமகளும் குரோசே வீட்டம்மாதான். இதெல்லாம் ரியோஹெய்க்கு விழுந்ததா இருக்கலாமே.”

“அந்தப் புள்ளைய யாரு வீட்டம்மாங்கறா? ஊரே மருமகப்பொண்ணுன்னு கூப்பிடுது. நீங்களே இப்ப அப்படித்தான சொன்னீங்க?”

எண்ணிக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். தேர்தல் அதிகாரி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பார்த்தார்.

“இந்த ஊர்ல வீட்டம்மான்னா ஒருத்தங்கதான்” என்று குவியலைத் தொளதொளத்த கட்டின்மேல் வைத்தார்.

அதோடு முடிந்துபோயிற்று; பத்தாவது இடம் அவளுக்கு. பலகையில் ஹிசயோவின் பெயருக்கு எதிரே, வெறும் குரோசே சீட்டுகளில் வந்த பங்கையும் சேர்த்து, தசமப் புள்ளி வைத்த எண் ஒன்றை எழுதினார்கள். கென்சாகு மேலே பார்க்காமல் வெளியேறினான். இனி புத்தாண்டுக்கும் இசாமுவின் நினைவு நாளுக்கும் அந்த வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

தோமி மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

“எப்படி மடக்குனேன் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அந்தக் குவியல்ல ஒண்ணு என்னோடது.” தோமி தலையைச் சொறிந்தாள். “திட்டாதீங்க. ஒரு வாரமா தொண்ட கிழியக் கத்துன பேருதான். உள்ள போய்ப் பென்சில எடுத்ததும் யாரோ முன்னபின்ன தெரியாத பொம்பள பேரு மாதிரி இருந்துச்சு. அவங்களுக்கு எதுக்குப் போடணும், உங்களுக்கில்ல போடணும்னு தோணுச்சு.”

கீழே மேசைகளை மடக்கும் சத்தம் கேட்டது. ஹிசயோ எழுந்து நின்று, இரு கைகளையும் முன்னால் சேர்த்து, தோமிக்கு முறையாகக் குனிந்து நன்றி சொன்னாள். தோமி போதும் போதும் என்று சொல்லிச் சிரித்தாள். ஹிசயோ உடனே நிமிரவில்லை.