மூஞ்சூறுக்கு ஓர் அறை

எங்கள் பிள்ளையார் ஸ்காபரோ நகரில், ஒரு கார் ரயர்க்கடைக்கும் சமையலறை அலுமாரி செய்யும் கொம்பனிக்கும் நடுவில் குடியிருக்கிறார். வாடகைக் கட்டடம். முன்பக்கம் மூலஸ்தானம், பின்பக்கம் நீளமாக ஓர் அறை. அந்த அறையில் என் மகள் மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழும் தேவாரமும் சொல்லிக் கொடுத்து வந்தாள். அவளுடைய தமிழே நொண்டி நொண்டித்தான் நடக்கும். ஆனாலும் பிள்ளைகளுக்கு அவள் என்றால் உயிர்.

நான் கோயில் சபையின் செயலாளர். எங்கள் ஊரில் பிறந்தவர்கள் மட்டும்தான் சபையில் அங்கத்தவராகலாம் என்பது யாப்பு, அதாவது சபையின் சட்டம். மற்றவர்கள் கும்பிடலாம், அர்ச்சனை செய்யலாம், அன்னதானத்துக்கு அரிசி மூட்டை தரலாம். வாக்குப் போட முடியாது. ஊரில் சண்டை மூண்டு, உயிருக்குப் பயந்து இந்தக் குளிர்நாட்டுக்கு ஓடிவந்தவர்கள் நாங்கள். வந்து குளிர்ச்சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே, யாரை உள்ளே விடக்கூடாது என்று பட்டியல் போட்டுவிட்டோம்.

போன வருடம் தலைவர் தன் செலவில் இந்தியாவிலிருந்து ஒரு மூஞ்சூறு வாகனம் செய்வித்துக் கப்பலில் எடுப்பித்தார். மூஞ்சூறு என்றதும் சின்னதாக நினைத்துவிட வேண்டாம். அது ஒரு சின்னக் காரின் அளவு. திருவிழாவில் ஒருநாள் ஓடும், மிச்ச நாள் எல்லாம் நிற்கும். நிற்பதற்கு இடம் வேண்டுமே? பின்னறையைக் கொடுப்போம் என்றார் தலைவர். பிள்ளைகள் எங்கே படிப்பது என்று யாரோ கேட்டதற்கு, பிள்ளைகள் வீட்டிலும் படிக்கலாம், வாகனம் வீட்டில் நிற்க ஏலாது என்றார். 

பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு என்று தீர்மானமானது. அன்றைக்கே மகள் தானும் அங்கத்தவராக வேண்டும் என்றாள். வகுப்பறையைக் காப்பாற்ற அவளுக்கு ஒரு வாக்கு வேண்டும். ஆனால் அவள் பிறந்தது ஊரில் இல்லை, இங்கே ஆஸ்பத்திரியில்.

அந்தக் கிழமை ஒருநாள் அவளை மல்வேர்னில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து யூனிவர்சிற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். அங்கே சரித்திர வகுப்பில் பேச வேண்டியதைக் காருக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். விஷயம், ஆங்கிலேயர் அமெரிக்காவில் முதன்முதல் குடியேறிய காலம். தெற்கே வேர்ஜீனியாவில் புகையிலைதான் பணம். பாதிரிமாருக்குச் சம்பளமும் புகையிலைதானாம். நல்ல புகையிலை விளைகிற ஊர்க் கோயிலுக்குத்தான் நல்ல பாதிரியார் போவார். எங்கள் ஐயர் ஏன் காசுக்காரர் கூடுகிற மார்க்கம் கோயிலுக்கு மாறிப்போனார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வடக்கே குடியேறியவர்கள் வேறு மாதிரி. தங்கள் இஷ்டப்படி கடவுளைக் கும்பிடக் கடல் தாண்டியவர்கள், வேறு மாதிரிக் கும்பிட்டவர்களை அடித்துத் துரத்தினார்களாம். கடவுளின் அருள் தன்னை எப்படித் தொட்டது என்று பெரியவர்கள் முன்னால் சாட்சி சொன்னால்தான் முழு அங்கத்தவர். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்ல அப்படி ஒரு கதை இருக்கவில்லை. சபை மெலியத் தொடங்கியது. அதனால் அரை அங்கத்துவம் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: ஞானஸ்நானம் உண்டு, நற்கருணையும் வாக்கும் இல்லை.

காரை ஓரங்கட்ட வேண்டும் போல இருந்தது எனக்கு. இவ்வளவு நல்ல யோசனை முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறதே! அதற்குள் தலைவர் எனக்குப் போன் எடுத்துவிட்டார். அரை அங்கத்துவத்தால் அந்தச் சபைகளுக்குப் பிறகு என்ன நடந்தது என்று மகள் சொன்னது என் காதில் ஏறவில்லை.

அடுத்த கொமிற்றிக் கூட்டத்தில் அதை என் சொந்த மூளையில் உதித்ததாகவே சொன்னேன். இங்கே பிறந்த பிள்ளைகள் கொமிற்றி முன்னால் வந்து தங்கள் ஊர்ப்பற்றைத் தமிழில் சொல்லட்டும். திருப்தி என்றால் முழு அங்கத்தவர், இல்லையென்றால் அரை. அரை அங்கத்தவர் பந்தல் கட்டலாம், பாத்திரம் கழுவலாம், வாக்கு மட்டும் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். மகளுக்குக் கதவைத் திறந்துவிட்டேன் என்று உண்மையாகவே நம்பினேன்.

முதல் ஆளாக அவளே வந்தாள். சேலை உடுத்திருந்தாள். தலைவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“பிள்ளை, எங்கடை ஊர் நல்ல தண்ணிக் கிணறு எந்தப் பக்கம்?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன்.

“நான் ஊருக்கு ஒருநாளும் போகேல்லை, அங்கிள். அப்பாவும் கூட்டிக்கொண்டு போகேல்லை.”

தலைவரும் முப்பது வருடமாக அந்தப் பக்கம் போகவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீர் எப்போதோ உப்பாகிவிட்டது என்று போய்வந்த எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் சாட்சி சொல்ல வேண்டியவர் தலைவர் இல்லையே. மகளுக்கு அரை அங்கத்துவம் கிடைத்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியின் கையில் கதவுப் பூட்டைக் கொடுத்ததே நான்தான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்துவிட்டேன்.

பொதுக்கூட்டத்தன்று பனி கொட்டியது. வாக்குள்ளவர்கள் பதினொரு பேர் வந்திருந்தோம். மகளோடு மற்ற அரை அங்கத்தவர்கள் பின்னால் நின்று தேத்தண்ணி ஊற்றினார்கள். மூஞ்சூறுக்கு அறை கொடுக்கலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னேன். தலைவரோடு சேர்த்து ஐந்து கை. வகுப்புக்கே இருக்கட்டும் என்பவர்கள்? அதற்கும் ஐந்து. இவர்களில் இரண்டு பேர் என்றைக்கும் தலைவரை மீறாதவர்கள். பேரப்பிள்ளைகள் வகுப்புக்கு வருவதால் துணிந்துவிட்டார்கள். மிச்சம் நான் ஒருவன்.

நான் எண்ணினேன். ஒருமுறை எண்ணி, சரியாக இருந்தும் இரண்டாம் முறை எண்ணினேன். செயலாளர் எண்ணுகிறவர், எண்ணுகிறவருக்குக் கை எதற்கு என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். தலைவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தபடி இருந்தார். என்னை இந்தச் சபைக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். என் கை புத்தகத்தைவிட்டு எழும்பவில்லை. இரண்டு பக்கமும் சமம் என்று அறிவித்தேன். சமமாக வந்தால் யாப்பின்படி தலைவருக்கு இன்னொரு வாக்கு உண்டு. அதையும் அவர் மூஞ்சூறுக்கே போட்டார். அந்த யாப்பை எழுதியதும் நான்தான்.

மகள் பின்னறைக்குப் போய்ப் பிள்ளைகள் எழுதின கொப்பிகளை இரண்டு பெட்டிகளில் அடுக்கினாள். காருக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஒன்றை வாங்கப் போனேன். தரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்க யாப்பைப் பற்றிப் பேசினேன், அடுத்த வருடத்தைப் பற்றிப் பேசினேன். மார்க்கம் ரோட்டில் திரும்பும்போது அவள் கேட்டாள்.

“நீங்கள் ஏன் அப்பா கை தூக்கேல்லை?”

“தலைவர் என்னையே பாத்துக்கொண்டிருந்தவரம்மா.”

“நானும் உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்.”