அம்மா அடித்த ஆணியும் அக்கா வாங்கிய மோட்டாரும்

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி குமார் என் வீட்டிலிருந்து சாப்பிடாமல் கிளம்பிப் போனான். 'வாரேங்க்கா' என்றுகூடச் சொல்லவில்லை.

எங்கள் நாமக்கல் பக்கம் யாரும் 'போறேன்' என்று சொல்லிக் கிளம்ப மாட்டோம். என்ன சண்டையானாலும் 'வாரேன்'தான். அதையும் சொல்லாமல் பைக்கை உதைத்தான் என்றால் கோபம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணம்? ஒரு மோட்டார்!

நானும் தம்பியும் சேர்ந்து ஒரு சிஎன்சி மெஷின் செய்வதை ஏற்கெனவே இங்கே சொல்லியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் பலகையில் அப்படியே செதுக்கித் தரும். நான் ஓய்வு பெற்ற இயற்பியல் டீச்சர். அவன் போர்வெல் போடும் ரிக் வண்டிகளின் கம்ப்ரஸர்களைக் கழற்றி மாட்டியே முடி நரைத்தவன். இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.

மெஷினின் வெட்டும் முனையை நகர்த்த என்ன மோட்டார் போடுவது? இதில்தான் மூன்று மாதச் சண்டை.

ஸ்டெப்பர் மோட்டார் எளிமையானது. 'நூறு அடி வை' என்றால் நூறு அடி வைக்கும். விலையும் குறைவு. ஆனால் நடுவில் எதிலாவது முட்டி பத்து அடி தவறினாலும் அதற்குத் தெரியாது. வந்து சேர்ந்துவிட்டதாகவே நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடும். சர்வோ அப்படி இல்லை. அதன் முதுகில் ஒரு என்கோடர் உட்கார்ந்துகொண்டு, 'இங்கே இருக்கிறேன்... இங்கே இருக்கிறேன்' என்று ஓயாமல் தகவல் சொல்லும். நினைத்த இடத்துக்குப் போக முடியாவிட்டால் அலாரம் கொடுத்து நின்றுவிடும். செலவு அதிகம், பக்குவமாக செட்டிங் செய்யவும் வேண்டும்.

"சர்வோவே போட்டுக்கலாங்க்கா. ஒரே பலகைதான் இருக்குது. போனா வராது" என்றான் குமார்.

"மரத்துல பேர் வெட்டறதுக்கு எதுக்குச் சாமி சர்வோ? அக்கா சொன்னா கேளு" என்றேன் நான்.

இத்தனை வயதிலும் 'அக்கா சொன்னா கேளு' என்றால் அவன் கேட்பான். அதுதான் என் பலம். ஸ்டெப்பரையே வாங்கிவிட்டேன். போன ஞாயிறு அந்தப் பலமே வினையாகப் போயிற்று.

அந்தப் பலகை எது என்று சொல்ல வேண்டும். அப்பா லாரி ஓட்டினார். சொந்த வண்டி. கேபினுக்கு மேலே நெற்றிப் பலகையில் 'சாந்தி' என்று என் பெயர், 'குமார்' என்று அவன் பெயர், நடுவில் ஒரு தாமரை. எங்கள் ஊர் லாரிகளில் பிள்ளைகள் பெயர்தான் முதலில் போகும். நாங்கள் பார்க்காத நாக்பூரையும் இந்தூரையும் எங்கள் பெயர்கள் பார்த்துவிட்டு வந்தன! வகுப்பில் அந்தப் பெருமையை நான் அடித்துக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

அப்பா போய்ச் சேர்ந்தாரா என்று எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டில் போன் இருந்தது. சரக்கு இறக்கும் ஊர் சேர்ந்ததும் அப்பா அந்த நம்பருக்கு அடிப்பார். இரண்டு தடவை ஒலித்ததும் வைத்துவிடுவார். இரண்டு மணி. கட். யாரும் எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு. பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பார். "ஏனுங்க... ரெண்டு மணி அடிச்சுதுங்க!"

அதைக் கேட்ட பிறகுதான் அம்மா ஒழுங்காகச் சாப்பிடுவாள்.

ஒரு தடவை நான்கு நாளாக மணி அடிக்கவில்லை. அம்மா அழவில்லை, யாரிடமும் புலம்பவில்லை. எங்களுக்குச் சோறு போட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொள்வாள். ஐந்தாம் நாள் மத்தியானம் போனில் அந்த இரண்டு மணி அடித்தது. அத்தை சொல்லி முடிப்பதற்குள் அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கோ மழையில் ரோடு அறுந்துபோனதாம், அவ்வளவுதான். அம்மாவின் அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

லாரி போய், அப்பா போய், அம்மாவும் போய்விட்டாள். மிஞ்சியது அந்த நெற்றிப் பலகை மட்டும். பெயிண்ட் உதிர்ந்து எழுத்தே தெரியவில்லை. குமார் ஓமலூரில் புது வீடு கட்டியிருக்கிறான். பழைய பெயர்களை அதே இடத்தில் செதுக்கி, புதுமனை புகுவிழா அன்று வாசல் மேல் மாட்ட வேண்டும். இதற்காகத்தான் மெஷினே.

ஞாயிறு காலை பலகையை மாட்டி ஓடவிட்டோம். 'சாந்தி' அச்சு அசலாக வந்தது. நான் பூரித்துப்போனேன்.

"அது பாட்டுக்கு வெட்டட்டும். வா, காபி குடிக்கலாம்."

"இல்லீங்க்கா, பக்கத்துலயே நிக்கறேன்."

"அக்கா சொன்னா கேளு!"

வந்தான். பாதி டம்ளர் குடிக்கும்போது 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டு மிக்ஸி என்று நினைத்தேன். நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள்?

திரும்பிப் போய்ப் பார்த்தால் தாமரைக்கு நடுவே வெட்டும் பிட் எதிலோ மாட்டித் திணறியிருக்கிறது. ஸ்டெப்பர் அடி தவறிவிட்டது. ஆனால் தவறியது அதற்குத் தெரியாதே? மேற்கொண்டு வெட்டிக்கொண்டே போய்விட்டது. 'குமார்' மொத்தமும் இரண்டு விரல் இடப்பக்கம் தள்ளி, 'கு' தாமரை மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

மாட்டியது என்ன? மிச்சப் பெயிண்டுக்கு அடியில் இருந்த தலை ஒடிந்த ஒரு ஆணி, சுற்றி மரம் செதுக்கியதில் இப்போது கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றது.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எல்லோரும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் பம்பரில் கட்டுவார்கள். அம்மாவுக்கு அது போதாது. பிள்ளைகள் பெயருக்கு நடுவில்தான் தொங்க வேண்டும் என்று, ஒரு அமாவாசை அன்று பம்பர் மேல் ஏறி, வீல் ஸ்பேனரால் அடித்த ஆணி அது. ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தவளே நான்தான். நானல்லவா ஞாபகம் வைத்திருக்க வேண்டும்?

குமார் பலகையைத் தடவிப் பார்த்தான். சட்டையை மாட்டினான். கிளம்பிவிட்டான்.

ஓமலூருக்கு இரண்டு மணி நேரம். நான் போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூப்பிடலாம்தான்... அக்கா என்கிற கௌரவம் விடவில்லை.

யோசித்துப் பார்த்தால் நான் ஆயுசு முழுக்க ஸ்டெப்பராகவே இருந்திருக்கிறேன். பாடத்தை நடத்தி முடிப்பேன், போர்ஷன் ஓவர். பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்ததா? திரும்பிப் பார்த்ததில்லை. தம்பியிடம் 'அக்கா சொன்னா கேளு' என்பேன். கேட்டவன் மனதில் என்ன இருக்கிறது? அதையும் விசாரித்ததில்லை. நம்மில் பலபேர் அப்படித்தான், சொன்னதோடு கடமை முடிந்தது என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து போன் அடித்தது. எடுக்கப் போனேன்.

இரண்டு மணி. கட்.

அந்தக் காலத்தில் அவனுக்கு ஆறேழு வயதுதான். மறந்திருப்பான் என்று நினைத்திருந்தேன். நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சத்தம் போட்டே அழுதேன்.

அம்மாவால் திருப்பி அடிக்க முடிந்ததில்லை. எந்த ஊர், எந்த நம்பர் என்று அவளுக்கு எங்கே தெரியும்? என்னால் முடியும். அவன் நம்பருக்கு அடித்தேன். இரண்டு மணி விட்டு நானும் கட் பண்ணினேன்.

உடனே கூப்பிட்டுவிட்டான்.

"அக்கா, அந்த ஆணியைப் புடுங்கிப் போட்டீங்களா?"

"இல்ல சாமி. பலகையத் தொடவே இல்ல."

"புடுங்காதீங்க்கா. அப்படியே கொண்டாங்க. புது ஊட்டுல எலுமிச்சம்பழம் வேற எங்க கட்டறது?"

மெஷினுக்கு சர்வோ ஆர்டர் போட்டாயிற்று. பெயர் கோணலாக, ஆணி நேராக, பலகை ஓமலூருக்குக் கிளம்பத் தயாராக இருக்கிறது.