காலுக்கு நடுவே ஓர் அடுப்பு

மோட்டார் பைக் ரிப்பேர் தொழிலில், ஓடாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் நல்லவர். ஓடுகிற வண்டியில் வந்து இறங்கி, காலைச் சுடுகிறது, ஏதாவது பண்ணுங்கள் என்கிறவர்தான் சோதனை. ஓடாத வண்டியில் பழுது எங்கேயோ ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். தேடினால் அகப்படும். சூடு அப்படியில்லை. அது வண்டியின் பிறவிக் குணம். பெட்ரோல் டாங்கை முழங்காலால் இடுக்கிக்கொண்டு பங்குனி வெயிலில் தாணே தாண்டிப் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் கெண்டைக்காலுக்கே தெரியும்.

யுத்தம் முடிந்த கையோடு பட்டாளத்து மோட்டார் பைக்குகளை ஏலத்தில் விட்டார்கள். அதுவரை சைக்கிள்கூட ஏறாதவர்கள் அவற்றை வாங்கிக்கொண்டு வெளியூர் சுற்றக் கிளம்பினார்கள். நானும் மீரானும் தேவ்லாலி ராணுவ ஒர்க் ஷாப்பில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம், இருவர் குடும்பமும் பம்பாய் தாராவியில். எஞ்சின் என் பொறுப்பு, தகரமும் தோலும் மீரான் பொறுப்பு என்று பேசிக்கொண்டு, செம்பூரில் ரோட்டோரமாக ஒரு கொட்டகை பிடித்தோம். எல்லா ரிப்பேரும் செய்வதாகத்தான் போர்டு எழுதினோம். வந்தவர்களில் பாதிப் பேர் சூட்டோடு வந்தார்கள்.

ஈரத் துண்டு

முதலில் வந்தவர் ஹரிஹரன். மாதுங்காவில் குடியிருந்த பாலக்காட்டுக்காரர். ஒரு மருந்துக் கம்பெனிக்காக நாசிக், பூனா என்று டாக்டர்களைப் பார்க்கப் போய்வருவது அவர் உத்தியோகம். வலது கால் பேண்டை முழங்கால் வரை சுருட்டி, காலில் துண்டைச் சுற்றியிருந்தார். அடிபட்டு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். விசாரித்தால், சைலன்ஸர் குழாயின் அனல் தாங்காமல், வீட்டிலேயே துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டு கிளம்புவாராம். காட்கோபர் வருவதற்குள் துண்டு காய்ந்துவிடும். தாணேயில் துண்டே சுட ஆரம்பிக்கும். வழியில் டீக்கடைக்குக் கடை இறங்கி, தண்ணீர் வாங்கிக் காலில் ஊற்றிக்கொள்வாராம். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று ஒரு கடைக்காரர் அவரைக் கும்பிட்டும் இருக்கிறார்.

பாய்லர்களுக்குச் சுற்றுகிற கல்நார்க் கயிறு வாங்கி வந்து குழாயில் நெருக்கமாகச் சுற்றினேன். அதற்கு வெளியே, நடுவில் காற்றுப் போக இரண்டு விரல் இடம் விட்டு, மீரான் ஒரு தோல் மறைப்பு வைத்துக் கொடுத்தான். நாசிக் போய்த் திரும்பிய ஹரிஹரன் நேராகக் கொட்டகைக்கு வந்தார். பாராட்டப் போகிறார் என்று நாங்கள் இருவரும் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றோம். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கிச் சொன்னார்:

"கால் சுடலை மிஸ்திரி, அது வாஸ்தவம். கால் சுட்டுண்டிருந்த வரைக்கும் முதுகு வலிக்கறது தெரியலை. இப்போ அது தெரியறது."

உதைத்த மாடு

சுடலைமுத்து தாராவியில் தோல் மண்டி வைத்திருந்தவர். தோல் பிடிக்கத் தாணே, கல்யாண் பக்கமெல்லாம் பைக்கிலேயே போவார். சாயங்காலம் திரும்பி வரும்போது அவர் வண்டியின் சைலன்ஸர் குழாய் கொல்லன் உலையில் வைத்த இரும்பு மாதிரி சிவந்திருக்கும். நான் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தேன். எஞ்சினைச் சுற்றியிருக்கிற விலாத் தகடுகளில் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டினேன். ஆயில் மாற்றினேன். குழாய் அதே மாதிரி சிவந்தது.

கடைசியில் மீரான், சும்மா ஒரு நடை வருகிறேன் என்று அவர் பின்னால் ஏறிக்கொண்டு சயான் வரை போய்வந்தான். வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான். ஹாண்டில் பாரில் இடது பக்கம் ஒரு சின்னக் கம்பி உண்டு. எஞ்சினுக்குள் தீப்பொறி விழுகிற நேரத்தை முன்னே பின்னே நகர்த்துவது அது. கிளப்பும்போது பின்னால் இழுக்க வேண்டும், கிளம்பியதும் முன்னால் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் எரிய வேண்டியது எல்லாம் தாமதமாக எரிந்து குழாயில் போய்க் கொதிக்கும். சுடலைமுத்து அதைத் தொடுவதே இல்லையாம். வண்டி வாங்கிய புதிதில் ஒருநாள் கம்பியை முன்னால் தள்ளி வைத்துக்கொண்டே உதைத்திருக்கிறார். கிக்கர் திருப்பி அடித்து முழங்கால் வீங்கிவிட்டது. அதிலிருந்து கம்பி பின்னாலேயே இருந்துவிட்டது.

எடுத்துச் சொன்னோம். ஓட்டும்போது மட்டும் தள்ளுவது, கிளப்பிக் கொடுப்பது மண்டியில் வேறு யாராவது என்று ஓர் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார். குழாயும் சிவப்பதை நிறுத்தியது. ஆனாலும் அவருக்கு எங்கள் மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

"அந்தக் கம்பியத் தொட்டுத்தானய்யா அன்னைக்கு உதைபட்டேன். உதைச்ச மாட்டுக்கிட்டயே மறுபடி போயி மடியில கை வைக்கச் சொல்லுதீரு."

பங்குனி வெயிலில் கண்டாலா

கால் சுடுவது போனதும் ஹரிஹரனுக்கு ஆசை பெருகியது. மழையில் சேறு அடிக்கிறது, வெயிலில் அனல் காற்று அடிக்கிறது, காலை மறைக்கிற மாதிரி முன்னால் தகரம் வைத்தால் என்ன என்றார். மீரான் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு அகலமான தகரக் கவசம் அடித்து, ஓரத்தில் தோல் வைத்துத் தைத்தான். பார்க்க அவ்வளவு லட்சணம். அதைப் பார்த்துவிட்டு வேறு சிலரும் கேட்டு வந்தார்கள்.

ஹரிஹரனின் மனைவி கமலம் மாதுங்காவில் ரிங் டென்னிஸ் ஆடுகிறவர். பந்துக்குப் பதில் ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே எறிந்து பிடிக்கிற ஆட்டம். கல்யாணமாகியும் விடாமல் ஆடி, அந்த வருஷம் பூனாவில் நடந்த போட்டிக்குத் தேர்வாகியிருந்தார். ரயிலில் போகலாம் என்று அவர் சொல்ல, ரயிலில் நிற்க இடமில்லை, நம் வண்டி இருக்கும்போது என்ன என்று ஹரிஹரன் பிடிவாதம் பிடித்துப் பின்னால் ஏற்றிக்கொண்டார். மலையடிவாரத்துக் கோபோலி வரைக்கும் இரண்டு பேரும் பாட்டுப் பாடாத குறை. கண்டாலா மலை ஏற ஆரம்பித்தார்கள். வண்டியில் இரண்டு ஆள், மெதுவான ஏற்றம், காற்று பின்னாலிருந்து. பாதி மலையில் எஞ்சின் இறுகி அப்படியே நின்றுவிட்டது. எங்கள் தகரம் கால்களோடு சேர்த்து எஞ்சினையும் மறைத்துவிட்டது. அதற்குப் போக வேண்டிய காற்று அதற்குப் போகவில்லை.

எஞ்சின் ஆறி, பிஸ்டன் பிடியை விடுகிற வரைக்கும் கமலம் ஒரு பாறையின் மேல் உட்கார்ந்திருந்தாராம். பூனாவில் அவர் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆடாமலே எதிராளி ஜெயித்ததாக வாக்கோவர் கொடுத்துவிட்டார்கள். பிஸ்டன் விட்டும் கிளம்பாத வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் கொட்டகையில் இறக்கினார்கள். கடையை மூட வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றியது. கமலம் முன்னால் வந்து, கவசத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"ஆடித் தோத்திருந்தா எனக்கு ஒண்ணுமில்லை. நான் இந்தத் தகரத்துக்கிட்டேன்னா தோத்துப் போயிருக்கேன்."

ரிப்பன் கட்டிய வண்டி

அந்த வார்த்தை மீரானைத் தூங்க விடவில்லை. கவசத்தைக் கழற்றி எறிந்துவிடலாம் என்றேன். அவன் கேட்கவில்லை. காற்று எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும், எறிய வேண்டியதில்லை என்றான். காற்றைக் கண்ணால் எப்படிப் பார்ப்பது? அவன் தங்கையின் பழைய ரிப்பன்களை நறுக்கிக்கொண்டு வந்து, கவசத்தின் ஓரத்திலும் எஞ்சினைச் சுற்றியும் நுனியை மட்டும் கட்டித் தொங்கவிட்டான். நான் ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்து, ஒரு கையால் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தபடியே வந்தான். வெளி ஓரத்து ரிப்பன்கள் விறைப்பாகப் பின்னால் பறந்தன. எஞ்சினைச் சுற்றிக் கட்டியவை செத்த பல்லி மாதிரி தொங்கின.

கவசத்தின் உள் ஓரத்தில் நீளவாக்கில் வெட்டினோம். வெட்டிய தகரத்தை ஜன்னல் பலகை மாதிரி உள்பக்கமாகச் சாய்த்தோம். ஓட்டிப் பார்த்தோம், வெட்டினோம், மறுபடி ஓட்டினோம். உள்ளே போன காற்று வெளியேறவும் வழி வேண்டுமே. இடது பக்கம் பின்னால் ஒரு வாய் திறந்துவிட்டோம். ஒருநாள் டிராம்பே ரோட்டில் எஞ்சினைச் சுற்றியிருந்த ரிப்பன் எல்லாம் ஒன்றுபோல் எழுந்து படபடத்தது. மீரான் என் முதுகில் ஓங்கி ஒரு அறை அறைந்தான். நான் தடுமாறி வண்டியை நிறுத்தினேன். அங்கே நின்றிருந்த போலீஸ்காரர் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். லைசென்ஸ் கேட்கப் போகிறார் என்று எடுத்து வைத்துக்கொண்டேன். சிவப்பும் மஞ்சளுமாகப் பறந்த ரிப்பன்களைப் பார்த்துவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"ஷாதி கிஸ்கா ஹை?"

கல்யாண் காம்ப் துணிக்காரர்

அந்தச் சமயத்தில்தான் கல்யாண் அகதி முகாமிலிருந்து ஒரு சிந்திக்காரர் வந்தார். பிரிவினைக்கு முன் கராச்சியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். இங்கே ஒரு பழைய பைக்கில் துணி மூட்டைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு கிராமம் கிராமமாக விற்றார். மூட்டைகளை முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கட்டியிருந்தார். பின்னால் கட்டினால் திருடு போகுமாம். எஞ்சின் மூச்சுத் திணறிக் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நின்றது. நாங்கள் பின்சக்கரத்துக்கு இருபுறமும் இரும்புச் சட்டம் வைத்து, மூட்டைகளை அங்கே கொண்டுபோனோம். பூட்டும் போட்டுக் கொடுத்தோம்.

சில நாளில் திரும்பி வந்தார். வண்டி நிற்காமல் ஓடுகிறதாம். அதுதான் கஷ்டமாம். முன்பு எஞ்சின் ஆறட்டும் என்று வழியில் நிற்பார், வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும், சேர்ந்தவர்கள் துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள், வாங்கவும் செய்வார்கள். இப்போது அந்த இடங்களை எல்லாம் தாண்டிப் போய்விடுகிறார். சூடாகாவிட்டாலும் அந்தந்த இடத்தில் நிறுத்துங்களேன் என்று மீரான் யோசனை சொன்னான். அது அவருக்குத் தோன்றவே இல்லை. சிரித்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். வந்த உடனே அவர் வைத்த புகார் மட்டும் எங்கள் கொட்டகையில் வெகுநாள் புழங்கியது. எஞ்சின் குளிர்ந்தது, கூடவே வியாபாரமும் குளிர்ந்துவிட்டது என்று அவருடைய ஹிந்தியில் அழகாகச் சொன்னார்:

"இஞ்சின் டண்டா, தந்தா பீ டண்டா."

பூனா ரோடு

அடுத்த போட்டி குளிர்காலத்தில் வந்தது. இந்த முறை ஹரிஹரன் ரயில் டிக்கெட் எடுக்கப் போனார். கமலம் தடுத்துவிட்டார். பைக்கில்தான் போவது, பாதி வழியில் உட்கார்ந்த அந்தப் பாறையைத் தாண்டிப் போவது என்று சொல்லிவிட்டார். தனியாக அனுப்ப மனம் வராமல், நானும் மீரானும் எங்கள் வண்டியில் பின்னாலேயே போனோம்.

மலை ஏறும்போது பல் கிட்டுகிற குளிர். எனக்கு மட்டும் வியர்த்தது. பாதியில் நிறுத்தச் சொல்லி, விரலை நனைத்து எஞ்சினைத் தொட்டேன். சீறியது, ஆனால் பயப்படும்படியாகச் சீறவில்லை. கமலம் அந்தப் பாறை இருந்த பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நாங்கள் திறந்துவிட்ட வாய் வழியாக வந்த வெங்காற்று நேராகத் தன் பாதத்தில் அடிக்கிறது, கம்பளி போர்த்த மாதிரி இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். முன்னால் உட்கார்ந்திருந்த ஹரிஹரன் நடுங்கிக்கொண்டிருந்தார். ஈரத் துண்டு கட்டிய மனுஷர், கொஞ்சம் சூடு கிடைத்தால் தேவலை என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

பூனாவில் கமலம் புடவையைக் கச்சம் வைத்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இரண்டு ஆட்டம் ஜெயித்து, கடைசி ஆட்டத்தில் உள்ளூர்ப் பெண் ஒருத்தியிடம் மயிரிழையில் தோற்றார். தோற்ற முகமே இல்லை. ஜெயித்தவளின் அம்மா எங்கள் எல்லோரையும் வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பூரண போளி போட்டார். கமலம் அந்தப் பெண்ணின் தோளில் கை போட்டுக்கொண்டு, வளையத்தை அவள் எப்படிச் சுழற்றி எறிகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

மறுநாள் திரும்பும்போது, பன்வேல் தாண்டி ரோடு நேராக விழுந்த இடத்தில், கமலம் வண்டியை நிறுத்தச் சொல்லித் தான் ஓட்ட வேண்டும் என்றார். ஹரிஹரன் என்னைப் பார்த்தார். நான் மீரானைப் பார்த்தேன். மீரான் போய்ச் சீட்டைச் சரிபண்ணிக் கொடுத்தான். அவர் கட்டியிருந்த கச்சப் புடவை அதற்கென்றே நெய்த மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அப்படிக் கட்டுகிறவர்கள் ஆனதால் வயலில் நின்றவர்கள்கூட முதலில் கவனிக்கவில்லை. கவனித்தபோது கைவேலையை விட்டுவிட்டுக் கையாட்டினார்கள். ஹரிஹரன் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்தே எல்லாம் பார்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது, வண்டி கோடு போட்ட மாதிரி போயிற்று. ஒரு வேப்பமரத்தடியில் பதறாமல் நிறுத்தி இறங்கிய கமலம், கையில் இருந்த தூசியைத் தட்டிவிட்டுக் கணவரிடம் சொன்னார்:

"பின்னாலே உட்கார்ந்தா ஊர் எல்லாம் தெரியறது, முன்னாலே உட்கார்ந்தா ரோடு மட்டும்தான் தெரியறது. நீங்களே ஓட்டுங்கோ."

சூட்டைப் போக்குகிற மிஸ்திரி என்று எனக்கு அந்த வட்டாரத்தில் பெயர் வந்ததே தவிர, யோசித்துப் பார்த்தால் நான் செய்ததெல்லாம் அதை ஒருத்தர் காலிலிருந்து கிளப்பி இன்னொருத்தர் பாதத்துக்கு அனுப்பிவைத்த வேலைதான்.